பனிப்புயலில் லாரியை நிறுத்தி இரவைக் கழிப்பது: புதிய டிரைவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரே நிறுத்துமிடத்தில், ஒரே புயலில், இரண்டு லாரிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்றில் டிரைவர் நிம்மதியாகத் தூங்குவார். இன்னொன்றில் இருப்பவர் இருக்கிற துணியையெல்லாம் மேலே போட்டுக்கொண்டு விடியலுக்குக் காத்திருப்பார். இருவரிடமும் இருக்கும் ஹீட்டர் அநேகமாக ஒரே ரகம்தான். எங்கே, எப்போது நிறுத்தினார், டேங்கில் எவ்வளவு டீசல் இருந்தது, பேட்டரி எந்த நிலையில் இருந்தது என்பதில்தான் வித்தியாசம். இதெல்லாம் புயலுக்கு முன்பே முடிவாகிவிடுகிற விஷயங்கள். ஆகவே இந்த வழிகாட்டியும் புயலுக்கு முந்தின நாளில் தொடங்குகிறது.

முந்தின நாள்: முன்னறிவிப்பில் எதைப் பார்ப்பது

எத்தனை சென்டிமீட்டர் பனி விழும் என்பதைத்தான் புதியவர்கள் முதலில் பார்ப்பார்கள். காற்றின் வேகத்தை முதலில் பாருங்கள். அமெரிக்க வானிலைத் துறையின் கணக்குப்படி பனிப்புயல் என்றால், மணிக்கு 56 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல் காற்று வீச வேண்டும். 400 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியக் கூடாது. இந்த நிலை 3 மணி நேரமாவது நீடிக்க வேண்டும். புதிதாகப் பனி விழ வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. ஏற்கனவே தரையில் கிடக்கும் பனியைக் காற்று வாரி இறைத்தாலே சாலை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

காலி டிரெய்லர் ஓட்டுகிறவர்களுக்குக் காற்று இன்னும் முக்கியம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் டிரெய்லரின் பக்கவாட்டில் விழும் அழுத்தம் நான்கு மடங்காகும். சரக்கு ஏற்றிய வண்டி தாங்கிவிடுகிற காற்று காலி வண்டியைச் சாய்த்துவிடும்.

அடுத்தது வெப்பநிலை எந்த நேரத்தில் பூஜ்யத்தைக் கடக்கிறது என்பது. முதலில் மழை, பிறகு பனி என்று முன்னறிவிப்பு சொன்னால் அது மோசமான வரிசை. பனி உறைந்து பிடிக்காமல் இருக்கச் சாலையில் முன்கூட்டியே தூவுகிற உப்பை மழை கழுவிக்கொண்டு போய்விடும். 2022 ஜனவரி 3, 4 தேதிகளில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 95ஆம் எண் நெடுஞ்சாலையில் இதுதான் நடந்தது. மழையில் தொடங்கியதால் உப்புக் கரைசல் தெளிக்கவில்லை. பனி வேகமாகக் கொட்டியது. லாரிகள் வழுக்கிக் குறுக்கே நின்றன. நூற்றுக்கணக்கான வண்டிகள் மாட்டிக்கொண்டன. சிலர் 24 மணி நேரத்துக்கும் மேல் அங்கேயே கிடந்தார்கள். முன்னால் ஒரு வண்டி குறுக்கே நின்றுவிட்டால், பின்னால் வருபவர் எவ்வளவு கெட்டிக்கார டிரைவர் என்பது கணக்கிலேயே வராது.

அதனால் நிறுத்துவதற்கு இரண்டு இடங்களை முன்பே குறித்துக்கொள்ளுங்கள்: புயல் தொடங்கும் நேரத்துக்கு நன்றாக முன்பே போய்ச் சேரக்கூடிய ஒன்று, அது நிரம்பியிருந்தால் நிற்க, வழியில் அதற்கு முன்பே வருகிற இன்னொன்று. இரண்டாவதை முதலாவதைத் தாண்டித் தேர்ந்தெடுப்பது பலரும் செய்கிற தவறு. புயல் நாளில் நிறுத்துமிடங்கள் மதியமே நிரம்பிவிடும். கம்பெனிக்கும் சீக்கிரமே சொல்லிவிடுங்கள். “நிற்கலாமா?” என்று கேட்பதைவிட, “இந்த இடத்தில், இத்தனை மணிக்கு நிற்கப்போகிறேன்” என்று சொல்வது நல்லது. வண்டியைப் பாதுகாப்பாக ஓட்ட முடியுமா என்பதை ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வண்டியைத் தயார் செய்வது

முதல் வேலை டீசல். குளிரில் டீசலில் உள்ள மெழுகு பிரிந்து கட்டியாகத் தொடங்கும். பனிக்காலத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்து நிற்கிற மாதிரிதான். டேங்கில் இருப்பது முழுக்க உறைய வேண்டியதில்லை. மெழுகுத் துகள்கள் ஃபில்டரை அடைத்தாலே இன்ஜின் நின்றுவிடும். குளிர் காலத்துக்கான கலவை இல்லாத சாதாரண டீசல் மைனஸ் 10 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே தொல்லை கொடுக்கலாம். வெதுவெதுப்பான ஊரில் டேங்கை நிரப்பிக்கொண்டு குளிர் பிரதேசத்துக்குள் நுழைகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள். போகிற வழியில், குளிர் இடத்தில் விற்கும் டீசலை வாங்கிக் கலந்துகொள்ளுங்கள்.

உறைவதைத் தடுக்கும் மருந்தை டீசல் இன்னும் தெளிவாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும். முதலில் மருந்து, அதன்மேல் டீசல் என்று நிரப்பினால் நன்றாகக் கலக்கும். உறைந்த பிறகு இந்த மருந்து வேலைக்கு ஆகாது. உறைந்ததைக் கரைக்க வேறு மருந்து இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு புது ஃபில்டரும், அதைக் கழற்றும் கருவியும். டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் கிண்ணத்தையும் அன்றே வடித்துவிடுங்கள்.

டேங்கை நிரப்பியே நிறுத்துங்கள். இதற்குப் பலர் யோசிக்காத ஒரு காரணம் உண்டு. கேபின் ஹீட்டர் டேங்கிலிருந்து டீசல் உறிஞ்சும் குழாய் பல வண்டிகளில் டேங்கின் அடிவரை போவதில்லை. ஹீட்டரே டீசலைக் காலி செய்து, காலையில் இன்ஜினுக்கு ஒன்றும் இல்லாமல் போய்விடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். அதனால் டேங்கில் கொஞ்சம் டீசல் இருந்தும் ஹீட்டர் நின்றுவிடும். ஹீட்டர் பழுது என்று நினைத்துக்கொண்டு அதைப் போட்டுக் குடைந்துகொண்டிருப்பீர்கள்.

இன்ஜின் புகையின் நச்சைக் குறைக்கத் தனி டேங்கில் ஊற்றும் டெஃப் என்கிற யூரியாக் கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறையும். இதற்குப் பயப்பட வேண்டாம். அந்த டேங்குக்குச் சூடேற்றும் அமைப்பு உண்டு. கரைசல் உறைந்திருந்தாலும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், ஓட ஓட அது இளகிவிடும். உறையும்போது விரியும் என்பதால் கழுத்துவரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டால் போதும். இதில் உறைதடுப்பு மருந்து எதையும் கலக்கவே கூடாது.

பேட்டரிதான் இரவின் உயிர்நாடி. மைனஸ் 18 டிகிரியில் ஈய அமில பேட்டரி தன் திறனில் ஏறக்குறைய பாதியைத்தான் கொடுக்கும். அதே நேரத்தில், கெட்டியான எண்ணெயில் இன்ஜினைச் சுற்ற அதிக மின்சாரம் வேண்டும். முழு சார்ஜில் உள்ள பேட்டரி சாதாரணக் குளிரில் உறையாது. ஆனால் சார்ஜ் இறங்கிப்போனது மைனஸ் 10 டிகிரிக்குப் பக்கத்திலேயே உறைந்துவிடும். உறைந்து உப்பிப்போன பேட்டரிக்கு வேறு வண்டியிலிருந்து ஒயர் மாட்டி ஸ்டார்ட் செய்யப் பார்க்காதீர்கள், வெடிக்கக்கூடும். டெர்மினல்களைச் சுத்தம் செய்து இறுக்கிவிட்டு, ஓய்வில் இருக்கும்போது வோல்ட் எவ்வளவு என்று பாருங்கள். 12 வோல்ட் பேட்டரியில் 12.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது, 12.2 என்றால் பாதிதான் மிச்சம்.

ஏர் டேங்குகளில் தேங்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். அது உறைந்து வால்வை அடைத்தால் பிரேக் விடாது, அல்லது பிடிக்காது. ஏர் ட்ரையர் (பிரேக்குக்குப் போகும் காற்றின் ஈரத்தை நீக்கும் கருவி) உள்ள வண்டியில் ஆல்கஹால் ஊற்றுகிற பழைய பழக்கம் உள்ளே இருக்கும் ரப்பரையும் ட்ரையரையும் கெடுக்கும். தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் ஒழிய வேண்டாம்.

டயரில் காற்றழுத்தம் ஒவ்வொரு 6 டிகிரி குளிர்ச்சிக்கும் ஏறக்குறைய 2 சதவீதம் குறையும், அதற்கேற்பச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கதவு ரப்பர்களில் சிலிகான் தடவினால் காலையில் கதவோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பூட்டில் உறைந்த பனியைக் கரைக்கும் திரவத்தைச் சட்டைப்பையில் வையுங்கள். அதைக் கேபினுக்குள் பத்திரமாக வைத்துப் பூட்டிவிட்டு வெளியே நிற்பவர்கள் உண்டு.

நிறுத்துவது: இடமும் திசையும்

சாலையோரத்திலும், நெடுஞ்சாலையில் ஏறி இறங்கும் வளைவுகளிலும் நிறுத்தாதீர்கள். கண் தெரியாமல் வருகிற வண்டியும், பனி வாரும் இயந்திரமும் அங்கேதான் வந்து மோதும். மரம், மின்கம்பி, உயரமான விளம்பரப் பலகை ஆகியவற்றின் அடியும் வேண்டாம். கட்டடத்தின் மறைவில் காற்று குறைவுதான். ஆனால் காற்று எதைச் சுற்றி வேகம் தணிகிறதோ அங்கேதான் பனியைக் கொட்டிக் குவிக்கும். சுவரை ஒட்டி நிறுத்தினால் காலையில் வண்டி பாதி புதைந்திருக்கும். சற்றுத் தள்ளி நிறுத்துங்கள்.

பலத்த காற்று என்றால் வண்டியின் மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்துவதே என் விருப்பம். டிரெய்லர் சாயும் ஆபத்து குறையும், புகை பின்னால் அடித்துக்கொண்டு போகும், கதவைத் திறக்கும்போது காற்று அதைப் பிய்த்து எறியாது. இதில் ஒரு குறை உண்டு: இன்ஜின் சீக்கிரம் ஆறிப்போகும், முகப்பில் பனி அடைத்துக்கொள்ளும். காற்று அவ்வளவாக இல்லாத வெறும் கடுங்குளிர் இரவு என்றால் நேர்மாறாக, முதுகைக் காற்றுக்குக் காட்டி நிறுத்தலாம். நிறுத்துமிடத்தில் கோடு போட்டபடிதான் நிற்க முடியும் என்றால், காற்று பக்கவாட்டில் அடிக்காத வரிசையையாவது தேடுங்கள்.

ஈரமான பிரேக்கோடு வந்து அப்படியே பார்க்கிங் பிரேக் போட்டால், லைனிங் டிரம்மோடு ஒட்டி உறைந்துவிடும். நிறுத்துமிடத்துக்குள் மெதுவாகப் போகும்போதே பிரேக்கைச் சில தடவை லேசாக அழுத்தி, அந்தச் சூட்டில் ஈரத்தைக் காயவிடுங்கள். டயரும் இப்படித்தான். சூடான டயர் பனிச்சேற்றை உருக்கும், பிறகு அதிலேயே உறைந்து பிடித்துக்கொள்ளும். நிறுத்தி அரை மணி நேரம் கழித்து, டயர் ஆறியதும், வண்டியை ஒரு மீட்டர் முன்னே நகர்த்தி வைத்தால் தீர்ந்தது.

இரவு: எதைக் கொண்டு சூடேற்றுவது

லாரி இன்ஜினை நின்ற இடத்தில் ஓடவிட்டால் மணிக்கு ஏறக்குறைய 3 லிட்டர் டீசல் போகும். டீசலில் எரியும் சிறிய கேபின் ஹீட்டருக்கு 0.1 முதல் 0.3 லிட்டர் போதும். ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டால் அங்கே 70 லிட்டருக்கு மேல், இங்கே அதிகபட்சம் ஏறக்குறைய 7 லிட்டர். இன்ஜினை வெறுமனே ஓடவிடுவதற்குப் பல இடங்களில் சட்டத்தடையும் உண்டு. சில வண்டிகளில் சில நிமிடங்களில் இன்ஜின் தானாக அணைந்துவிடும்படி அமைத்திருப்பார்கள். உங்கள் வண்டி அப்படியா, கடுங்குளிரில் அதற்கு விலக்கு இருக்கிறதா என்பதை அன்று இரவு பரிசோதித்துக்கொண்டிருக்காதீர்கள், முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஓடவிட்டே ஆக வேண்டும் என்றால் மிகக் குறைந்த வேகத்தில் விடாமல் நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்குப் பக்கத்தில் வையுங்கள். ரொம்ப மெதுவாக ஓடும் இன்ஜின் கடுங்குளிரில் தன்னையே சூடாக வைத்துக்கொள்ளாது, கரி சேரும்.

கேபின் ஹீட்டரைப் பற்றி மூன்று விஷயங்கள். அது தொடர்ந்து ஓடும்போது இழுக்கும் மின்சாரம் கொஞ்சம்தான். ஆனால் பற்றவைக்கும் முதல் சில நிமிடங்களில் உள்ளே இருக்கும் சூடேற்றும் கம்பி நிறைய இழுக்கும். ஆகவே பேட்டரி இறங்கிய பிறகு நள்ளிரவில் போட்டால் பற்றாது. இன்ஜினை நிறுத்தும் முன்பே ஹீட்டரைப் போட்டுவிடுங்கள், பிறகு அணைத்து அணைத்துப் போடாமல் அளவாக ஓடவிடுங்கள். இரண்டாவது, நிறுத்தும்போது ஸ்விட்சை மட்டும் அணையுங்கள். மின்விசிறி சில நிமிடம் சுற்றி உள்ளே ஆறவைக்கும். அதற்குள் பேட்டரி இணைப்பைத் துண்டித்தால் ஹீட்டர் கெடும். மூன்றாவது, எப்போதும் குறைந்த சூட்டிலேயே வைத்தால் உள்ளே கரி படியும். அவ்வப்போது கால் மணி நேரம் முழுச் சூட்டில் ஓடவிடுங்கள். கோடையிலும் மாதம் ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

அடுத்தது புகையில் இருக்கும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு. இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். இதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, அசதி எல்லாம் வரும்; களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவோம், அதுதான் ஆபத்து. இன்ஜின் புகைக்குழாய் உயரத்தில் இருக்கிறது, பனி அடைக்காது என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். கேபின் ஹீட்டரின் புகைக்குழாய் பெரும்பாலும் கேபினுக்கு அடியில், தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை மறந்துவிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் குவியும் பனி அதை மூடிவிடலாம். அது எங்கே முடிகிறது என்று பகலிலேயே குனிந்து பார்த்து வையுங்கள். அதன் இணைப்புகளில் ஓட்டை, தளர்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். இரவில் எழும்போதெல்லாம் அதைச் சுற்றி உள்ள பனியை வாரிவிடுங்கள். காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலை ஒரு விரல்கடை திறந்து வையுங்கள். இந்த வாயுவைக் கண்டறிந்து ஒலிக்கும், பேட்டரியில் ஓடும் அபாய மணி ஒன்றைத் தலைமாட்டு உயரத்தில் மாட்டுங்கள். அது அடித்தால் முதலில் வெளியே இறங்குங்கள், காரணத்தை அப்புறம் தேடலாம். பக்கத்து லாரியின் புகையும் உங்கள் கேபினுக்குள் வரலாம். கரி அடுப்பு, கேஸ் அடுப்பு எதையும் சூட்டுக்காகக் கேபினுக்குள் பற்றவைக்கவே கூடாது.

இருக்கிற சூட்டைக் காப்பது உற்பத்தி செய்வதைவிட எளிது. படுக்கைக்கும் முன் சீட்டுகளுக்கும் இடையில் உள்ள திரையை இழுத்துவிட்டால் சூடாக்க வேண்டிய இடம் பாதியாகும். முன் கண்ணாடி வழியாகத்தான் அதிகச் சூடு போகும். அளவாக வெட்டிய தடுப்பை உள்பக்கம் செருகுங்கள். மெத்தையின் அடியிலிருந்து ஏறும் குளிரைப் பலர் கவனிப்பதில்லை. மேலே இன்னொரு போர்வை போடுவதைவிட அடியில் ஒரு ஃபோம் விரிப்பு அதிகம் உதவும். தூக்கப் பை வாங்கினால், எவ்வளவு குளிரில் வசதியாகத் தூங்கலாம் என்ற அளவைப் பாருங்கள். உயிர் தப்பலாம் என்ற அளவு அதைவிடக் கீழே இருக்கும்; அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது சில சமயம் அதுதான்.

பருத்தி ஈரமானால் உடம்புச் சூட்டை உறிஞ்சும். உடம்பை ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை இழை போடுங்கள். படுக்கும் முன் சாக்ஸைக் கட்டாயம் மாற்றுங்கள், பார்வைக்கு உலர்ந்திருந்தாலும் அதில் வியர்வை இருக்கும். வெந்நீரை மூடி இறுகிய பாட்டிலில் ஊற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் மின்போர்வை நல்ல பொருள்தான், ஆனால் 4, 5 ஆம்பியர் இழுக்கும். படுக்கையைச் சூடாக்கிவிட்டு அணைத்துவிடுங்கள். மது வேண்டாம். தோலுக்கு இரத்தம் பாய்ந்து சூடாகத் தோன்றும், உள்ளிருக்கும் சூடு அந்த வழியாகத்தான் வெளியே போகும்.

நடுவழியில் மாட்டிக்கொண்டால், ஹீட்டரும் நின்றால்

வண்டியை விட்டு நடக்காதீர்கள். வெண்மூட்டத்தில் இருபது மீட்டர் போனவருக்கே திரும்பி வர வழி தெரியாமல் போகும். மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 33 மாதிரி. அரை மணி நேரத்துக்குள் மூடாத தோல் உறைந்துபோகலாம். (இந்தக் கணக்கு தோலுக்குத்தான். டீசலும் எண்ணெயும் சீக்கிரம் ஆறுமே தவிர, மைனஸ் 20க்குக் கீழே போகாது.)

எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாதபோது, இன்ஜினை மணிக்குப் பத்து நிமிடம் மட்டும், புகைக்குழாயைச் சுத்தம் செய்துவிட்டு ஓட்டுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் போனையும் சார்ஜ் செய்துகொள்ளுங்கள், மற்ற நேரம் அதை உடம்போடு ஒட்டி வையுங்கள். இருக்கும் இடத்தை, கிலோமீட்டர் எண்ணோடு, உதவி மையத்துக்கும் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள். சமைக்காமல் சாப்பிடக்கூடிய உணவு, தண்ணீர், மருந்து, தலையில் மாட்டும் விளக்கு, மண்வெட்டி இவை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பக்கவாட்டுப் பெட்டியில் இருந்தால் அதன் கதவு உறைந்திருக்கும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். மேற்பகுதிதான் முதலில் உறையும், மூடி அடைபடாது.

நடுக்கம் வருவது உடம்பு போராடுகிறது என்பதற்கு அடையாளம். பேச்சுக் குழறினால், ஜிப்பை இழுக்கக்கூட விரல் வணங்காவிட்டால், உடம்பு சூடேறாமலே நடுக்கம் நின்றுபோனால், உடனே அவசர உதவிக்கு அழைக்க வேண்டும். பக்கத்து வண்டியில் சூடு இருந்தால் கூச்சப்படாமல் கதவைத் தட்டுங்கள். விறைத்து வெளுத்த விரலைத் தேய்க்காதீர்கள், அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் கிளம்பும்போது

சாலை திறந்த செய்தி வந்ததும் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். ஒரு மணி நேரம் தாமதித்தால் உப்பு வண்டி உங்களுக்கு முன்னால் போயிருக்கும். அந்த நேரத்தில் வேலை நிறைய இருக்கிறது. இன்ஜினுக்கு மின்சாரத்தில் சூடேற்றும் வசதியும் பிளக் பாயிண்டும் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே மாட்டியிருக்க வேண்டும். செல்ஃபை ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் அழுத்தாதீர்கள். எடுக்காவிட்டால் சில நிமிடம் ஆறவிட்டு மறுபடி முயலுங்கள். காற்று உறிஞ்சும் வாய், விளக்குகள், கண்ணாடிகள், கேபின் கூரை எல்லாவற்றிலும் இருக்கும் பனியைத் தள்ளுங்கள். படிகளில் பனிக்கட்டி இருக்கும், குதிக்காமல் இரண்டு கையாலும் பிடித்து இறங்குங்கள்.

பிரேக் உறைந்திருந்தால் முதலில் டயருக்குக் கட்டை கொடுங்கள். பிரேக்கைப் போட்டுப் போட்டு விட்டுப் பாருங்கள். முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். கட்டை கொடுக்காமல் வண்டிக்கு அடியில் போகாதீர்கள், பிரேக் சட்டென்று விட்டால் வண்டி உருளும். பிறகு கட்டையை எடுத்துவிட்டு நடை வேகத்தில் கிளம்பி, கண்ணாடியில் டிரெய்லரின் சக்கரங்களைப் பாருங்கள். பனியில் ஒரு சக்கரம் சுற்றாமல் இழுபட்டு வந்தாலும் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. எல்லாச் சக்கரமும் சுற்றுவதைக் கண்ணால் பார்த்த பிறகு நிறுத்துமிடத்தை விட்டு வெளியே வாருங்கள்.